எழுதுகிற ஆளுக்கு எவ்வளவு ஒதுக்குவது? குமுளிக் கடையிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் கடை குமுளியில், வீடு கம்பத்தில். காலையில் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, செக்போஸ்ட்டைக் கடந்தால் கேரளா, வேறு மொழியில் பெயர்ப்பலகைகள், ஆனால் கடைக்குள் வருகிறவர்களில் பாதிக்கு மேல் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள். ஏலக்காய், மிளகு, கிராம்பு, டீத்தூள் விற்கிறோம். நாலு வருடமாகப் பார்சலும் அனுப்புகிறோம், அந்தப் பார்சல் வியாபாரம்தான் என்னை எழுதுகிற ஆளைத் தேட வைத்தது. கடையில் நின்றால் வாயாலேயே விற்றுவிடலாம். போனில் படம் பார்க்கிறவரிடம் நான் எங்கே போய்ப் பேசுவது? அங்கே எழுத்துதான் பேச வேண்டும்.

"காப்பிரைட்டர் ஒருத்தர் வேணும் சேட்டா" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் ஒரு வக்கீலின் நம்பரைக் கொடுத்தார். காப்பிரைட், அதாவது காப்புரிமை விஷயம் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் சொன்னால், ஜெராக்ஸ் எடுக்க எதற்கு ஆள் என்றார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் எழுதுகிற ஆள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பொட்டலத்தில், இணையக் கடையில், விளம்பரத்தில், வாட்ஸ்அப் செய்தியில் உங்கள் பொருளைப் பற்றி எழுதித் தருகிறவர். அவருக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பதை இரண்டு தடவை சொதப்பி, மூன்றாவது தடவை ஓரளவு சரியாகச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். புதிதாக ஆள் வைக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் உங்கள் கணக்கு, அவர் ரேட்டு அப்புறம்

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு வார்த்தைக்கு எவ்வளவு?" நானும் அதைத்தான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அது மலிவா அதிகமா என்று பார்ப்பதற்கு உங்களிடம் அளவுகோல் எதுவும் இருக்காது. போன் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் பக்கத்துக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

என் கணக்கையே காட்டுகிறேன். பார்சலில் அதிகம் போவது ஒரு சிறு பெட்டி: 100 கிராம் ஏலக்காய், 100 கிராம் மிளகு, 50 கிராம் கிராம்பு. விலை 850 ரூபாய். சரக்கு, பெட்டி, கூரியர், கட்டுகிற பையனின் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 620 ஆகிறது. மிச்சம் 230. மாதம் 40 பெட்டி போய்க்கொண்டிருந்தது. நல்ல எழுத்து இருந்தால் 55 போகும் என்று எனக்கு ஓர் ஆசை. ஆசையை ஆசையாகவே கணக்கில் எழுதக் கூடாது, பாதியாக்க வேண்டும். கூடுதலாக 15 பெட்டி என்று மனசு சொன்னால் 8 என்று எழுதுங்கள். மாதம் 8 பெட்டி, பெட்டிக்கு 230, ஆக 1,840 ரூபாய். அந்த எழுத்து ஒரு வருடமாவது அப்படியே நிற்கும் என்று வைத்தால் 22,080.

இதுதான் கூரை. இதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும், எழுத்து நன்றாக வேலை செய்தும் எனக்கு நட்டம். கூரை வரைக்கும் போய் முட்டவும் கூடாது, அதிலும் பாதியில் நிறுத்திக்கொண்டேன்: 11,000 ரூபாய்.

இரண்டு தடவை பாதியாக்குவது கோழைத்தனம் என்று என் மைத்துனர் சொன்னார். ஏலக்காய் வியாபாரம் செய்கிறவனுக்கு அது கோழைத்தனம் இல்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போன காய், அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கும் கீழே வந்ததை இந்த மலையில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சரக்கு விலை ஏறினால் என் 230 ரூபாய் 120 ஆகிவிடும், மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் நாலு நாள் பார்சலே போகாது. எழுதுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நாலு நாளுக்கு அவர் என்ன செய்வார்?

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து உங்களுக்கு 2,000 ரூபாய்க்குக் கீழே வருகிறது என்றால், இப்போதைக்கு ஆள் வைக்காதீர்கள். கடையில் வாடிக்கையாளரிடம் நீங்கள் பேசுவதை ஒரு வாரம் போனில் பதிவு செய்து, அதைக் கேட்டு நீங்களே எழுதுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் வேலை நடக்கும்.

எந்த எழுத்துக்கு?

அடுத்தது, என்னென்ன எழுத வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை நாள் நிற்கும் என்று பக்கத்திலேயே குறியுங்கள். இதைச் செய்யாமல் விட்டதுதான் என் முதல் சொதப்பல்.

பொட்டலத்தின் பின்பக்கம் நாலு வரி இருக்கிறதே, அது வருடக்கணக்கில் நிற்கிற எழுத்து. அச்சடித்த பவுச் வாங்குகிறவர்களுக்குத் தெரியும், அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர், அதாவது அச்சு உருளை. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டுமென்றாலும் அந்த நிறத்து சிலிண்டரைப் புதிதாகச் செய்ய வேண்டும், ஏற்கெனவே அடித்து வந்த ஆயிரக்கணக்கான பவுச்சுகளை என்ன செய்வது என்று தனியாக முழிக்க வேண்டும். அதனால் அந்த நாலு வரிக்கு, வார்த்தைக் கணக்குப்படி பார்த்தால் அநியாயம் என்று தோன்றுகிற அளவு பணம் கொடுக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்துவிடும். அதற்கு ஆளே வேண்டாம், கடைப் பையனே போடட்டும்.

எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து வரை கொள்ளும். தமிழிலோ மலையாளத்திலோ எழுதினால் 70தான். அதிலும் நாம் 'ஏலக்காய்' என்பதை ஐந்து எழுத்து என்று எண்ணுவோம், புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணுகிற கம்ப்யூட்டருக்கு அது எட்டு. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் வித்தியாசம் தெரியும். வியாபார எஸ்எம்எஸ்ஸின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது, நினைத்த நேரத்தில் ஒரு சொல்லை மாற்ற முடியாது. இங்கே சுருக்கமாக எழுதத் தெரிந்தவருக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் அனுப்புகிற செலவில் திரும்பி வந்துவிடும்.

இதே மாதிரி இணையத்தில் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. கூகுள் விளம்பரத்தில் தலைப்பு ஒன்றுக்கு 30 எழுத்து, விளக்கத்துக்கு 90. ஒரே விளம்பரத்துக்கு 15 தலைப்பு வரை, நாலு விளக்கம் வரை கொடுக்கலாம். "ஒரு சின்ன விளம்பரம்தானே" என்று சொல்லி விலை கேட்டால், எழுதுகிறவர் பதினைந்து தலைப்புகளை யோசித்துக்கொண்டு விலை சொல்வார், நீங்கள் ஒன்றை யோசித்துக்கொண்டு அதிர்ச்சி அடைவீர்கள்.

பட்டியலிலிருந்து சிலவற்றை அடித்தும் விடலாம். எடை, அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண், பேக் செய்த தேதி, சைவக் குறி இதெல்லாம் சட்டப்படி போட வேண்டியவை. அதில் எழுதுகிறவருக்கு வேலை இல்லை, அதற்குக் காசும் கொடுக்க வேண்டாம்.

அவர்கள் விலை சொல்கிற விதம்

வார்த்தைக்கு இவ்வளவு, ஒரு வேலைக்கு மொத்தமாக இவ்வளவு, மாதம் இவ்வளவு. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். மணிக்கணக்கில் கேட்கிறவர்களும் உண்டு, நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை.

வார்த்தைக் கணக்கில்தான் நான் மாட்டினேன். வார்த்தைக்கு 75 பைசா என்றார் ஒருவர். ஆறு பொருளுக்கும் எழுதித் தந்தார், 3,000 வார்த்தை, 2,250 ரூபாய். சல்லிசாக முடித்துவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன், வாசித்துப் பார்க்கிற வரைக்கும். "ஏலக்காய் என்பது மிகுந்த நறுமணம் கொண்ட ஒரு வாசனைப் பொருள் ஆகும். இது பண்டைய காலம் முதற்கொண்டு நம் முன்னோர்களால் பயன்படுத்தப்பட்டு வருகிறது." ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டு மாதிரி. வார்த்தைக்குக் காசு என்றால் யாராக இருந்தாலும் 'ஆகும்' சேர்க்கத்தானே செய்வார்கள், அவர் மேல் தப்பில்லை, கூலியை அப்படி வைத்த என் மேல்தான் தப்பு. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைசிப் பத்தியில், தினமும் இரண்டு ஏலக்காய் மென்றால் சர்க்கரை நோய் குணமாகும் என்று எழுதியிருந்தார். அது சட்டப்படியே வம்பு, கீழே சொல்கிறேன்.

நீளமான கட்டுரைகள், பழைய பக்கங்களைத் திருத்துவது போன்ற வேலைகளுக்கு வார்த்தைக் கணக்கு சரிப்படும். விற்கிற எழுத்துக்கு மொத்த விலைதான் நல்லது. மாதச் சம்பளம் மாதிரி கொடுப்பது, வாரா வாரம் புதிதாக எழுத வேண்டிய தேவை இருக்கிறவர்களுக்கு. எங்களை மாதிரி வருடம் முழுக்க அதே ஆறு பொருளை விற்கிறவர்களுக்கு இரண்டாவது மாதமே அவருக்கு எழுத ஒன்றும் இருக்காது, பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

மூன்றாவது தடவை நான் மூன்று பேரிடம் விலை கேட்டேன். தனியாக வேலை செய்கிற ஒருவர் 3,500, இன்னொருவர் 7,500, ஒரு விளம்பரக் கம்பெனி 35,000. ஒரே வேலைக்கு மூன்று பேர் சொன்ன விலைகள்! முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் விசாரித்தபோதுதான் மூவரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. 3,500 சொன்னவர் நான் அனுப்புகிற குறிப்பை வைத்து எழுதுவார், திருத்தம் ஒரு தடவை. 7,500 சொன்னவர் ஒரு நாள் கடைக்கு வந்து உட்காருவார், வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேரிடம் போனில் பேசுவார், இரண்டு தடவை திருத்தித் தருவார். கம்பெனி, எழுத்தோடு வடிவமைப்பும் படமும் சேர்த்துச் சொன்னது, எனக்குப் படம் தேவையே இல்லை. விலையை ஒப்பிடுவதற்கு முன்னால் வேலையை ஒப்பிடுங்கள் என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

காயைக் காட்டிவிட்டு விலை கேளுங்கள்

போடியிலோ புற்றடியிலோ ஏலக்காய் ஏலம் நடக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான், ஆனால் சாம்பிள் கைக்கு வராமல் யாரும் பட்டனை அமுக்க மாட்டார்கள். காயைக் கையில் உருட்டிப் பார்த்து, ஒன்றை உடைத்து மோந்து பார்த்து, எட்டு எம்எம் எவ்வளவு, சுருங்கல் எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்த பிறகுதான் விலை. எழுதுகிறவரிடம் மட்டும் நாம் வெறுங்கையோடு போய் "எவ்வளவு ஆகும்?" என்கிறோம். அவரும் தெரியாத சரக்குக்குப் பயந்து கூட்டிச் சொல்வார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் அலுத்துப்போவார்.

ஒரு பக்கத்தில் இவ்வளவு எழுதி அனுப்புங்கள்: என்ன பொருள், என்ன விலை, யார் வாங்குகிறார்கள், வாங்காமல் போகிறவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள், எழுத்து எங்கே வரப்போகிறது, எந்த மொழியில், என்றைக்கு வேண்டும். இதில் முக்கியமானது, வாங்காதவர்கள் சொல்கிற காரணம். அப்புறம் உங்கள் தொகையையும் சொல்லிவிடுங்கள். பேரம் பேசியே பழகிய எங்களுக்கு இது கஷ்டம்தான், கையிலிருப்பதைக் காட்டினால் அதையே கேட்பார்களே என்று. ஆனால் 8,000க்குள் முடிக்க வேண்டும் என்று சொன்னால், அந்தப் பணத்துக்கு எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று நல்ல ஆள் உடனே சொல்லிவிடுவார். சொல்லாதவரிடம் கொடுக்க வேண்டாம்.

பச்சைக் காய் ஐந்து கிலோ போட்டால் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்துகிற இடத்தில், காய்ந்து வருவது ஒரு கிலோதான். எழுத்தும் அப்படித்தான் என்று எனக்கு ஒரு சாயங்காலத்தில் புரிந்தது. அந்த 7,500 ரூபாய்க்காரர், மதுரையில் இருக்கிற ஒரு தங்கச்சி, காலையில் பஸ் பிடித்து வந்து கடை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாலு மணி நேரம். என்னிடம் பத்துக் கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார், வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்து காயைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, பக்கத்துக் கடையில பச்சைப்பசேல்னு இருக்கு, உங்களுது மங்கலா இருக்கே, பழசா?" என்றார். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "பழசு இல்லைக்கா. காயோட பச்சை காய வச்சா இவ்வளவுதான் நிக்கும். தண்ணில போட்டுப் பாருங்க, தண்ணி பச்சையாச்சுன்னா வாங்காதீங்க." அந்த அம்மா கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார். தங்கச்சி நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வந்த எழுத்தில் முதல் வரியே அதுதான்: "எங்கள் காய் கொஞ்சம் மங்கல்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்."

மொத்தம் இருநூறு வார்த்தை இருக்கும். வார்த்தைக் கணக்கில் பார்த்தால் முதல் ஆளுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு. ஆனால் அந்த நாலு மணி நேரத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன், எழுதிய நேரத்துக்கு இல்லை.

ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரு சின்ன வேலையைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு பொருளுக்கு எழுதுவது, ஆயிரம் ரூபாய். பிடிக்கவில்லையென்றால் அதோடு விடை கொடுத்துவிடலாம். "சும்மா ஒன்று எழுதிக் காட்டுங்க, பிடிச்சா ஆர்டர் தர்றேன்" என்று மட்டும் கேட்காதீர்கள். கைவசம் வேலை இருக்கிறவர் மறுத்துவிடுவார். வேலை இல்லாதவர்தான் சரி என்பார், உங்களுக்கு வேண்டியது அவர் இல்லை.

எல்லையில் மொழிக்குத் தனிக் காசு

எல்லையிலிருந்து தள்ளிக் கடை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. இங்கே தமிழும் மலையாளமும் கட்டாயம், கார்த்திகை பிறந்து சபரிமலைக் கூட்டம் வர ஆரம்பித்தால் ஆந்திரா, தெலங்கானா வண்டிகளுக்குத் தெலுங்கும் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தமிழுக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு, "மலையாளம்தானே, நமக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

நானும் விட்டேன். என் இரண்டாவது சொதப்பல் அது. நன்றாக மலையாளம் பேசுகிற நம்ம பையன் ஒருவன், மிளகுப் பொட்டலத்துக்கு ஸ்டிக்கர் எழுதினான், மலையாள எழுத்தில் 'முளகு' என்று. தமிழ்க் காதுக்குச் சரியாகத்தான் கேட்கும். மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். மிளகு வேண்டுமென்றால் 'குருமுளகு' என்று எழுத வேண்டும். கட்டப்பனைக்காரர் ஒருவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்து முளகா சேட்டா, கறுத்திருக்குன்னு?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. 600 ஸ்டிக்கர் குப்பைக்குப் போனது. பவுச்சில் அடித்திருந்தால் என் கதி அதோகதிதான். இந்த இரண்டு மொழிக்கும் நடுவில் இப்படி எத்தனையோ பள்ளங்கள்: நம் அவசரம் அங்கே வாய்ப்பு, நம் சம்சாரம் அங்கே பேச்சு. "அவசரம்! இன்றே வாங்குங்கள்" என்பதை எழுத்து மாற்றி மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் மொழிமாற்றத்துக்கு அந்த மொழியில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குத் தனியாகத் தொகை வையுங்கள். தமிழில் எழுதியதற்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு வரை ஆகலாம். ஏஐ-யிடம் கொடுத்தால் இலவசமாக மாற்றித் தருமே என்று கேட்பீர்கள். நானும் போட்டுப் பார்க்கிறேன், முதல் வரைவுக்கு நன்றாகவே இருக்கிறது, சில நேரம் நம்ம பையனைவிட நன்றாக. ஆனால் அது சரியா என்று பார்க்க உங்களுக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டுமே. ஏஐ எழுதினாலும், பார்த்துத் தர ஓர் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் ஒதுக்குங்கள்.

எழுதி வாங்க வேண்டியவை

தொகை முடிவான பிறகு, ஒரு மெயிலிலாவது இதையெல்லாம் எழுதி வாங்கிவிடுங்கள். பேச்சில் விட்டால் ஒவ்வொன்றும் பின்னால் பணமாகத்தான் வந்து நிற்கும்.

திருத்தம் எத்தனை தடவை என்பது முதலில். இரண்டு தடவை போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்பா, மைத்துனர், நான் என்று மூன்று பேர் மூன்று திருத்தம் சொல்வோம். எழுதுகிறவரிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள், வீட்டுச் சண்டையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி. எழுதுகிறவர் பதிவு செய்தவராக இருந்தால் மேலே 18 சதவீதம் வரும். 7,500 என்று நினைத்துக்கொண்டிருப்பது 8,850 ஆகும். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற தனியாட்கள் பெரும்பாலும் பதிவு செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வியாபாரம் பெரிசு, ஒரே ஆளுக்கு நிறையப் போகிறது என்றால் டிடிஎஸ், அதாவது கொடுக்கிற பணத்திலேயே வரி, பிடிக்க வேண்டுமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை.

உரிமை. பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த வக்கீல் நம்பர் கடைசியில் உதவியது இதற்குத்தான். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, உங்களிடம் சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருகிறவர்தான் அந்த எழுத்துக்கு முதல் உரிமையாளர். நாம் காசு கொடுத்துவிட்டோம் என்பதாலேயே நம்முடையதாகிவிடாது, அவர் எழுத்துமூலமாகக் கையெழுத்திட்டு மாற்றித் தர வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இங்கே கடைக்குக் கடை வளைகுடாவுக்குப் பார்சல் போகிறது, அந்த ஒரு வரி முக்கியம். இது மட்டும் மெயிலில் போதாது, ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் அந்தச் சர்க்கரை நோய் விஷயம். குறிப்பிட்ட சில நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது, நீரிழிவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உணவுப் பொருளில் 'இயற்கையான', 'தூய', 'புத்தம்புதிய' போன்ற சொற்களை எப்போது போடலாம் என்பதற்கே 2018இல் வந்த விதிமுறைகள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர் மேல் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். மாட்டுவது பொட்டலத்தில் பெயர் இருக்கிற நாம்தான், 75 பைசா வாங்கியவர் இல்லை. 'மருத்துவ குணம் பற்றி நான் கொடுக்காத எதையும் எழுதக் கூடாது' என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

முன்பணம் பாதி, எழுத்து முடிந்து கைக்கு வந்ததும் மீதி. முழுப் பணத்தையும் முன்னால் கேட்டால் யோசியுங்கள். நடுவில் நீங்களே வேலையை நிறுத்தினால் முன்பணம் அவருக்கே என்பதும் நியாயம்தான்.

என் 11,000 எப்படிப் பிரிந்தது

மூன்றாவது தடவை, முழுக்கத் தமிழ் வேலைக்கு அதே தங்கச்சிக்கு 7,500. அதில் சோதனை வேலைக்குக் கொடுத்த ஆயிரத்தைக் கழித்துக்கொண்டார், நான் கேட்காமலே. மலையாளத்துக்கு 1,500. அச்சுக்குப் போகும் முன்னால் எழுத்துப் பிழை பார்க்க ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு 500. அவர் காசு வேண்டாம் என்றார், பொட்டலத்தில் இரண்டு ஒற்றுப்பிழை கண்டுபிடித்த பிறகு நான் வற்புறுத்திக் கொடுத்தேன். மிச்சம் 1,500ஐத் தொடாமல் வைத்தேன். அது பின்னால் தெலுங்குக்குப் போனது, ஒரு பலகைக்கும் விலைப்பட்டியலுக்கும்.

எழுத்து மாறிய பிறகு இரண்டு மாதம் வேறு எதையும் மாற்றாதீர்கள். விலையைக் குறைத்தும், படத்தை மாற்றியும், எழுத்தை மாற்றியும் ஒரே வாரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். சீசன் மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். எனக்கு 40 என்பது 51 ஆனது, ஆசைப்பட்ட 55 இல்லை. பயந்து எழுதிய 48ஐவிட மேல்.

தேதியையும் தொகையோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள், அவசரத்துக்கும் தனி விலை உண்டு. கார்த்திகை ஒன்றாம் தேதிக்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டுமென்றால், பவுச் அச்சுக்கு ஒரு மாதம், மலையாளத்துக்கும் பிழை பார்க்கவும் பத்து நாள், எழுதித் திருத்த மூன்று வாரம் என்று பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், ஆவணியிலேயே போன் போட்டிருக்க வேண்டும். ஐப்பசியில் கூப்பிட்டால் தீபாவளி வேலைகளில் எழுதுகிற ஆட்கள் யாரும் போனையே எடுப்பதில்லை. எடுக்கிற ஒன்றிரண்டு பேரும் இரட்டிப்பு விலை சொல்கிறார்கள்.